ஜெபஸ்டின் பெயருக்குக் குண்டு எழுத்து

திருத்தணி
14.6.2024

தம்பி நேசகுமாருக்கு, அக்கா கெசியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படி.

ஜெபஸ்டின் கல்லறைக்கு நீ உன் மாமா போனுக்கு அனுப்பிய டிசைனைப் பார்த்தேன். கறுப்பில் தங்கக் கலர், கம்பி நட்ட மாதிரி நேரான எழுத்து. பேங்க் வாசலில் இப்படித்தான் இருக்கும். என் பிள்ளை ஆறு வயசில் பேங்க் மேனேஜராகவா செத்தான்?

அவனோடு படித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கல்லறைப் பக்கம்தான் ஓடிப்பிடித்து விளையாடுகின்றன. அதுகள் நின்று படிக்கிற மாதிரி வேண்டும். சென்னையில் உன் கடையில் நர்சரி போர்டு, ஸ்கூல் பை, பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றுக்கும் நீதானே எழுத்துப் போடுகிறாய்? ஊரார் பிள்ளைக்கெல்லாம் துள்ளுகிற எழுத்து, உன் அக்காள் பிள்ளைக்கு மட்டும் கம்பியா?

ஆகஸ்ட் பதினொன்றோடு அவன் போய் ஒரு வருஷம். அதற்குள் கல் நிற்க வேண்டும்.

கோபத்தில் இருக்கிற
அக்கா கெசியா

*

சென்னை
22.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லறையில் விளையாட்டு எழுத்தைப் போட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை சிரித்தது போதாதா?

நீ கேட்டதற்காகக் குழந்தைகளுக்கென்றே இருக்கிற நாலு எழுத்தில் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். பிடித்ததில் டிக் போட்டு அனுப்பு. இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

நேசகுமார்

*

திருத்தணி
1.7.2024

தம்பிக்கு,

நாலு காகிதமும் வந்தது. நான் டிக் போட்டு என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடத்தில் சத்துணவு பரிமாறி முடித்ததும் ஜெபஸ்டின் கிளாஸ் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முதல் காகிதம், ஐஸ்கிரீம் வழிகிற மாதிரி. தேவயானி சொல்கிறாள், "ஆன்ட்டி, உருகிகினு ஊத்துது, துணி வச்சித் தொடைங்க." என்ன எழுத்தென்று படிடி என்றால், "எழுத்து எங்க கீது?" என்று என்னையே கேட்கிறாள். இரண்டாவதில் எழுத்துக்கெல்லாம் கண் வைத்திருக்கிறாய். கந்தன் ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை, "பத்து கண்ணு, பன்னெண்டு கண்ணு..." என்று எண்ணிக்கொண்டே ஓடிவிட்டான். மூன்றாவதில் குரங்குகள் தொங்குகின்றன. எது குரங்கு வால், எது எழுத்து வால் என்று எனக்கே தெரியவில்லை. நாலாவது, சாக்பீஸில் கிறுக்கினது. அதைப் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் கல் வெட்டுகிற ஆனந்தன், "இன்னாம்மா இது, எலி கடிச்சா மாதிரி கீது? கல்லுல வெட்டுனா பொடிஞ்சி பூடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதுவுமில்லாமல், பிறந்த தேதி, இறந்த தேதி, வசனம் எல்லாவற்றையும் அதே ஆட்ட எழுத்தில் போட்டிருக்கிறாய். இலை முழுக்க ஜாங்கிரியை வைத்துவிட்டுச் சாப்பிடு என்றால் எப்படிச் சாப்பிடுவது? பெயர் மட்டும் துள்ளினால் போதும். கீழே இருப்பதெல்லாம் சாதா எழுத்தில் அடக்கமாக இருக்கட்டும். இது படிக்காத எனக்கே தெரிகிறது, படம் வரைந்து சம்பாதிக்கிற உனக்குத் தெரியவில்லையா? இல்லை, ஏனோதானோவென்று அனுப்பினாயா?

எனக்கு வேண்டியது எது என்று உனக்குத் தெரியும். பலூன் மாதிரி குண்டாக, ஒன்று மேலே ஒன்று கீழே குதித்துக்கொண்டு, ஆனால் எழுத்து எழுத்தாகவே நிற்குமே, அது. பேனரில் போட்டாயே, அதே எழுத்து.

அக்கா

*

சென்னை
9.7.2024

அக்கா,

எந்தப் பேனர் என்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியாதா?

அவன் இறந்த அன்றைக்குக் கடையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மே மாதம் அவன் பிறந்தநாளுக்குப் போட்ட டிசைனையே திறந்து வாசகத்தை மட்டும் மாற்றினேன். எழுத்தை மாற்ற மறந்துவிட்டேன். கண்ணீர் அஞ்சலி என்று பலூன் எழுத்தில் உங்கள் தெருமுனையில் தொங்கியது. "சாவு ஊட்ல கேக் வெட்றானுங்களா?" என்று சிரித்தார்கள். மாமா வீட்டார் கிழித்துப் போட்டார்களாம். "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், போடா" என்றது வேறு யாரும் இல்லை, நீ.

பதினோரு மாதமாக நான் ஊர்ப் பக்கம் வரவில்லை. இப்போது அந்த எழுத்தையே கேட்டு என்னைக் குத்திக்காட்டுகிறாய். அதை என் கம்ப்யூட்டரில் இருந்தே அழித்துவிட்டேன். நேர் எழுத்து போதுமென்றால் செய்து தருகிறேன். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்.

நேசகுமார்

*

திருத்தணி
25.7.2024

நேசா,

குத்திக்காட்ட நினைத்தால் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதி ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருப்பேனா? ரயிலேறி வந்து உன் கடை வாசலில் நின்றே திட்டுவேன். என்னைத் தெரிந்தவன்தானே நீ.

சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு எதிரில் வந்தவர்களையெல்லாம் கடித்தேன். நீ முதலில் வந்தாய்.

நீ போன பிறகு, அவர்கள் பேனரைக் கிழிப்பதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. டீச்சர் அவன் கிளாஸ் பிள்ளைகளை யூனிபாரத்தோடு கூட்டிவந்தார். பிள்ளைகள் பயந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டன. சபையார் ஒட்டின இரங்கல் போஸ்டர் எதிரிலேயே இருந்தது, ஒரு பிள்ளைகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. உன் பேனரைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டின. "டேய், ஜெபஸ்டின் பேரு கீதுடா! ஜெ... ப... ஸ்... டி... ன்!" என்று கந்தன் கத்தினான். அப்புறம் எல்லாருமாகக் கத்தினார்கள். கத்திக்கொண்டேதான் உள்ளே வந்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் காலையில் இருந்து "பாடி எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்தப் பிள்ளைகள்தான், உன் எழுத்தைப் பார்த்துத்தான்.

இதை அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எனக்குக் கோபம் வந்த அளவுக்கு வேறெதுவும் சீக்கிரம் வருவதில்லை.

கிழித்துப் போட்ட பேனரைக் கால்வாய் ஓரத்தில் இருந்து எடுத்துக் கழுவி டிரங்குப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். உன் மாமாவுக்குக்கூடத் தெரியாது. நீ அழித்துவிட்டேன் என்று எழுதியதும் அதை எடுத்து விரித்து, அடியில் கார்பன் பேப்பர் வைத்து, பென்சிலால் நானே எழுத்தின் ஓரம் பிடித்துக் கோடு இழுத்தேன். மூன்று நாள் ஆனது. முட்டி வலி இன்னும் போகவில்லை. பேனரில் இருந்த அகலத்துக்கே கல் எடுத்திருக்கிறோம். போதகர் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இவனச் செமந்தது யாருங்க ஐயா?" என்று கேட்டேன். பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனந்தன் வெட்டிவிட்டார். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் கிழித்தபோது கடைசி எழுத்து போய்விட்டது. எங்கே தேடியும் அந்தத் துண்டு கிடைக்கவில்லை. "வுடும்மா, ஒரு எழுத்துதான, நானே குண்டா போட்டுடறேன்" என்று உளியை எடுத்தார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

கல் அவர் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாகப் போகிற பிள்ளைகள் "ஜெபஸ்டி" வரைக்கும் சத்தமாகப் படித்துவிட்டு, மேலே என்ன செய்வதென்று என் முகத்தைப் பார்க்கின்றன.

அந்த இடத்தை உனக்கு விட்டிருக்கிறேன். தபாலில் அனுப்பாதே.

அக்கா