மாடி ஃபியூஸ்

15 ஜூலை 85, திங்கள்
விடாத மழை. அடுப்படியில் இரண்டு இடத்தில் ஒழுகல், சட்டி வைத்தாயிற்று. மண்ணெண்ணெய் இல்லை. லைட் பில் வந்தது, நோட்டீஸோடு. சனிக்குள் கட்டாவிட்டால் கட். வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே மீட்டர். பாதி, மாடியில் வாடகைக்கு இருக்கும் முருகன் தர வேண்டும். இரண்டு மாதமாகத் தரவில்லை. என் வீட்டுக்காரர் இருந்தால் படியில் நின்று ஒரு சத்தம், பணம் வந்துவிடும். அவர் போய் இரண்டு மாதம், நான் இத்தாவில், துக்கம் காத்து வீட்டுக்குள்ளே. வேற்று ஆணிடம் எப்படிக் கேட்பது?

முருகன் பெண்டாட்டி செல்வி வந்தாள். "மேல ஒத்த பல்புதான்க்கா எரியுது. இவ்ளோ பில்லு எப்படி வரும்?"

பொய். கோபம்கூட வரவில்லை.

16, செவ்வாய்
தம்பி காஜா வந்தான். மத்தி அரைக் கிலோ, கூடவே யோசனை. "மாடி பியூசப் புடுங்கிருங்க லாத்தா. தானா எறங்கி வருவான்." மீட்டர் பலகையில் இடது ஓர ஃபியூஸ் கட்டை மாடியுடையதாம்.

அவர் மௌத்தான அன்று பின்னறைப் பட்டறையைப் பூட்டியவனும் இவன்தான். தையல் மெஷின் மேல் சாய்ந்தவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அப்புறம் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

17, புதன்
அஸர் தொழுகைக்குப் பின் கட்டையைப் பிடுங்கினேன். காதில் இருந்த இரைச்சல் சட்டென்று நின்றது. அவர் போனதிலிருந்து ராப்பகலாக இருந்தது, தலைநோவு என்று நினைத்திருந்தேன். மீந்த குழம்பு, சோறு. மாடியிலிருந்து யாரும் வரவில்லை.

18, வியாழன்
மாடியில் லைட் எரிகிறது. என் அடுப்படியிலும் எரிகிறது. அப்படியானால் நான் நிறுத்தியது எதை?

சாவியைத் தேடினேன். பட்டறை வாசலில் மழைக்கு அடைத்த சாக்கை இழுத்துவிட்டுத் திறந்தேன். தோல் வாடை. மெஷினில் பாதி தைத்த பை. சுவரில் ஃபேன், லைட், இரண்டு சுவிட்சும் போட்டபடி. இரண்டு மாதம், பூட்டிய அறைக்குள். பில் ஏறியது இங்கே. செல்வி சொன்னது நிஜம்.

அழுகை வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

19, வெள்ளி
செல்வியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், பில் என்னுடையது, காஜா நாளை கட்டுவான் என்று. "ஒத்த பல்புக்கு உள்ளத நாங்க தாரோம்க்கா" என்றாள்.

கட்டையைத் திரும்பச் செருகினேன். உள்ளே ஃபேன் சுற்றத் தொடங்கியது, காதில் அதே இரைச்சல். அவர் போட்ட சுவிட்ச். போய் அணைக்க வேண்டும்.

மழை விட்டிருக்கிறது. மண்ணெண்ணெய்க்குச் சொல்லிவிட வேண்டும். ஃபேனை இன்னும் அணைக்கவில்லை.