வரப்பில் விட்ட செருப்பு

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நமக்கென்று ஒரு வீடு கட்டிவிட்டேன். எங்கே என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. திண்டிவனம் பைபாஸிலிருந்து உள்ளே வந்தால், ஏரிக்குக் கீழே, நீ காலமெல்லாம் கூலிக்கு நடவு நட்டாயே, அதே பெரிய கழனியில். மனை போட்டு விற்றார்கள். நானும் ஒன்று வாங்கினேன். கையகல நிலம்கூட இல்லாமல் போனவளின் மகன், "எங்கம்மா பாடுபட்ட மண்ண எங்கம்மாவுக்கே வாங்கிட்டேன்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்தார். வாசல் கல்லில் உன் பெயர்தான். வெயில் ஏறியபின், உன்னோடு நடவுக்கு வருவாரே அஞ்சலை அத்தை, அவர் வந்தார். சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு தத்தித் தத்தி வந்தார். நான் பதறிப்போய் ஓடினேன்.

"செருப்பு எங்க அத்தை?"

"தோ, வரப்பாண்ட வுட்டுட்டு வந்தேன்."

"இப்ப ஏது அத்தை வரப்பு? அதான் ரோடாயிட்டுச்சே."

"ரோடானா என்னப்பா? கழனிக்குள்ள செருப்போட எறங்கறதா? உங்கம்மா இருந்தா வுடுவாளா?"

அவர் குத்திக்காட்டவில்லை அம்மா, சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். ஒருநாள் செருப்போடு சேற்றில் இறங்கியதற்கு நீ என் முதுகில் இரண்டு வைத்தது நினைவிருக்கிறதா? அதே சேற்றில் லாரி லாரியாகக் கிராவல் கொட்டியபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சாப்பிட்டுக் கிளம்பும்போது அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தப் பக்கம் ஒரு துண்டு கழனிதான் பாக்கி கீது. அதுலதான் எங்களுக்கு நடவு. அதையும் யாரோ கேட்டுக்கினு கீறாங்களாம். உனக்கு எதுனா தெரியுமா யப்பா?"

யாரோ இல்லை, நான்தான். வாடகைக்கு வீடு கட்டலாமென்று அந்தத் துண்டையும் பேசி வைத்திருந்தேன். "தெரியாது அத்தை" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் நம்பினார். உன் பிள்ளை பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை.

ஏன் அம்மா அப்படிச் சொன்னேன்? நீ இந்த வீட்டுக்கு வந்தால் உன் செருப்பை எங்கே விடுவாய்?

நாளைக் காலையிலேயே அந்தத் துண்டு எனக்கு வேண்டாமென்று சொல்லிவிடுவேன். நான் விட்டால் இன்னொருவர் வாங்குவார், தெரியும். அது உன் பிள்ளையாக இருக்கவேண்டாம். பிறகு அத்தை வீட்டுக்குப் போய், கேட்டது நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன். இது உன்மேல் ஆணை.

செருப்போடு கழனியில் குடியிருக்கும்
உன் மூத்த மகன்,
அந்தோணி