சாய்ந்தால் எங்கே விழும்

இன்று காலை அலுமினியக் குழாய் தரையில் உரசும் சத்தம் கேட்டதும் டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையை அப்படியே வைத்துவிட்டேன். நம் பழைய ஆன்டெனாக் குழாய். கார்த்திகை தீபத்துக்கு அதைக் கடை மாடியில் நட்டு, சீரியல் விளக்கு தொங்கவிடப் போவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். விடிந்ததிலிருந்து தூறல் வேறு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாம் பண்ணிய கூத்து உனக்கு மறந்திருக்காது. கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தை நம் சின்னக் கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்துவிட்டு, சட்டென்று திரும்பி மலையுச்சியில் தீபத்தைப் பார்க்க வேண்டும். அதற்கென்றே அடி அண்ணாமலையில் நம் கடை முன்னால் கூட்டம் நிற்கும். கரண்டு போனாலும் படம் நிற்கக்கூடாதென்று கார் பாட்டரி வாங்கிவந்தேன். அதன் பக்கத்தில் அகல் ஏற்ற நீ யாரையும் விட்டதில்லை. "அதுல வாயு வரும்ங்க, நெருப்பு ஆவாது" என்பாய். ஈரக்கையோடு யாராவது பிளக்கைத் தொட்டால் தொலைந்தார்கள்.

ஆன்டெனா நட்ட அன்று நான் படம் நன்றாக விழும் மூலையைத் தேடினேன். நீயோ குழாயைப் படுக்கப் போட்டு நீளம் பார்த்தாய். "நின்னா எங்க நிக்கும்னு பாக்காதீங்க. சாஞ்சா எங்க விழும்னு பாருங்க." தெருவில் போகும் கரண்டு கம்பியை எட்டாத பின்மூலைதான் கிடைத்தது. படம் புள்ளி புள்ளியாக வந்தது. "அதுக்கெல்லாம் சாமி கோச்சுக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டாய்.

தீபம் ஏறும்போது ஊரே மலையைப் பார்க்கும். நீ மட்டும் பிளக்கையும் கம்பியையும் மாறி மாறிப் பார்ப்பாய்.

"அண்ணாமலையார உட்டுட்டு அங்க இன்னாடி பாக்குற?"

"அவர நீங்க பாருங்க. உங்கள நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு ஜாக்கிரதைக்காரி, உன் நெஞ்சுவலியை மட்டும் வாயுப்பிடிப்பு என்று விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாடிப்படியை எப்படி ஏறினேனோ தெரியாது. மாப்பிள்ளை தெருப்பக்கச் சுவரோரமாகக் குழாயை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை ஈரம். நுனி ஆடியது.

"மாப்ள, கீழ வைங்க."

"கம்பி தள்ளித்தான் இருக்குது மாமா."

"நின்னா தள்ளி. சாஞ்சா?"

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் படுக்க வைத்தார். குழாய் மாடியின் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. சுவரிலிருந்து கம்பி அதில் கால்வாசி தூரம்கூடத் தள்ளி இல்லை. ஒரு முறை குழாயைப் பார்த்தார், ஒரு முறை கம்பியை. "பின்னாடியே நட்டுடலாம் மாமா" என்றார், குரல் இறங்கி. மழை விட்டு, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தொடவிட்டேன்.

மாலையில் மேகம் விலகித் தீபம் தெரிந்தது. அரோகரா சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்க இன்னா மாமா பாக்குறீங்க?"

"நீங்க மலையைப் பாருங்க மாப்ள" என்றேன். நீ சொல்கிற மிச்சத்தைச் சொல்லப் போனேன். சொல்லாமல், பிளக்கைப் பார்க்கத் திரும்பினேன்.