'வெள்' வரைக்கும்தான் வந்தது

நாள் 1, காலை 9:10
செவ்வாய், மூன்றாம் குகை. எழுதுபவர் மாசிலாமணி வைகறை, ஒன்பதாம் வகுப்பு. கூரை விரிசல் பெரிதாகவில்லை, ஆனால் அதன் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கிறது. மீட்புக் கப்பல் 'நாரை' எங்கள் பெயர்களைக் கேட்கிறது. தரவுத்தளத்தில் ஆளுக்கொரு வரிசை இருக்கிறது. கப்பலுக்கோ எல்லாப் பெயர்களும் காற்புள்ளியிட்டு ஒரே சரமாக வேண்டும். குகைப் பொறுப்பாளர் வேதமுத்து மாமா இந்த வேலையை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்!

நாள் 1, மாலை 4:30
பெயர்களை எடுத்துக் கோக்கும் கட்டளையை, அதாவது வினவலை, நானே எழுதினேன். அவரவர் சொந்தப் பெயரின் அகரவரிசையில் வரும். வெறும் இனிஷியல் மரியாதையாகப் படவில்லை. எல்லோருக்கும் முன்னால் அப்பா பெயரை முழுதாகச் சேர்த்தேன். திரையின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. சிவப்பு இல்லை, எனவே பிழை இல்லை. அனுப்பிவிட்டேன்.

நாள் 6, காலை 11:05
நாரை இறங்கியது. பெயர் கூப்பிடக் கூப்பிட ஏறினார்கள். என் தோழி சுடரொளி எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு ஏறினாள். பிறகு கதவு மூடிக்கொண்டது. வெள்ளையம்மாள் அக்கா, வேதமுத்து மாமா, நான் வெளியே.

நாரையின் ஒலிபரப்பு: "பாப்பா, நீ அனுப்பினது 'வெள்'ளோட நிக்குது. அது பேரா என்னன்னு தெரியல, விட்டுட்டோம். பேர் இருக்கிறவங்களுக்குத்தான் காற்று அளந்து கொண்டுவந்தோம். மிச்ச இடமெல்லாம் ரெண்டாம் குகைக்குக் கொடுத்தாச்சும்மா."

நாள் 6, மதியம் 2:00
கையேட்டைப் படித்தேன். சேர்த்த சரம் குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் தரவுத்தளம் மிச்சத்தை வெட்டிவிடுமாம். எச்சரிக்கை மட்டும் தருமாம். இனிஷியலோடு விட்டிருந்தால் எல்லோரும் அடங்கியிருப்போம். போட்டுப் பார்த்தேன். இடம்கூட மிஞ்சியது.

நாள் 7, காலை 8:20
கப்பலுக்குள் ஒருவரையொருவர் கூப்பிடும் உள்ளழைப்பு இங்கும் கேட்கிறது. எங்கள் குரல்தான் அங்கே எட்டவில்லை.

சுடரொளி: "ஏய் புத்தகப்புழு! எங்கடி ஒளிஞ்சிருக்க? எங்கப்பா பேரோட முழுசாக் கூப்பிட்டாங்கடி, ராணி மாதிரி இருந்துச்சு. நீதானே செஞ்ச? வா, ஜன்னல் சீட்டு பிடிச்சு வெச்சிருக்கேன்."

நாள் 9, மாலை 5:40
வெள்ளையம்மாள் அக்காவின் வரிசையை நீக்கினேன். மாமா தன் காற்றுக்குழாயை என் பக்கம் திருப்பிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாள் 10
மாமாவின் வரிசையையும். மூச்சு முட்டுகிறது. வினவலை மறுபடி ஓட்டினேன். ஒரே பெயர். காற்புள்ளிக்கு வேலையில்லை. மஞ்சள் எச்சரிக்கை வரவில்லை. கண்டெடுப்பவர் கவனிக்கவும், இம்முறை வெட்டுப்படாது. முழுப் பெயர்: மாசிலாமணி வைக