கோஷ்டியில் நின்றுபோன பாசுரம்

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜபாளையத்து மருமகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் அரண்மனையின் அவசர அறிவிப்பு: எதிர்வீட்டு ஆடு அப்பாவின் புதுக் குடையைத் தின்றுவிட்டது. ஆடு நலம். குடை காலமானது.

கோயிலில் பாசுரம் பாடும் மார்கழி கோஷ்டியில் நான் செய்த சேட்டை உன் காதுக்கு வந்திருக்குமே! பாசுரத்தின் பாதியில் சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். மொத்தக் கோஷ்டியும் திகைத்தது. "ஏலே, பெருமாள் முன்னாடியுமா ஒன் கூத்து?" என்று நம்பி மாமா காதைத் திருகினார். வகுப்பிலும் இப்படித்தான், வாத்தியார் கேட்டதற்குப் பேந்தப் பேந்த விழித்து எல்லோரையும் சிரிக்கவைத்தேன். என் நடிப்புக்கு ஈடு உண்டா?

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "போலே, ஒனக்கு எப்பவும் வெளையாட்டுதான்" என்றாள்.

அக்கா, நான் நடிக்கவே இல்லை. நீ சொல்லித்தந்த பாசுரம்தான். அடுத்த வரி வரவில்லை. யார் பேசினாலும், ஸ்டேஷன் நழுவிய ரேடியோபோல் பாதியில் கலைந்துபோகிறது. கடைத்தெருவில் எவர் சிரித்தாலும் என்னைத்தான் சொல்கிறார்களோ என்று ஓடிவந்துவிடுகிறேன். பயமாக இருக்கிறது. நீ வந்து சொன்னால் அம்மா நம்புவாள். சீக்கிரம் வா.

ஆட்டின்மேல் குற்றமில்லை. குடையை நான்தான் எடுத்துப்போனேன். திரும்பியபோது அது கையில் இல்லை. எங்கே போனேன் என்றுதான் தெரியவில்லை.

உன் அறுந்த வாலு