மீன் சந்தைக்காரர்

மச்சான், இன்றைக்கு ஒரு கலியாண வீட்டில் நாலு பேரோடு சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தேன். ஒரே தட்டில் நெய்ச்சோற்று வாசம் எழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரிப் பார்த்தார். உன்னை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது, அழுகை பிறகுதான்.

சுனாமியாய்க் கடல் வந்து போய் நாலு வருஷம் கழிந்தும் சாய்ந்தமருதுக் கரையில் நம் ஆட்கள் தகரக் கொட்டிலில்தான் கிடந்தார்கள். பத்திரிகை முழுக்க யுத்தம் முடியப்போகிற செய்தி. மூலையில் மட்டும், கொட்டில்களில் இனி ஒருவரும் இல்லை என்று கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அதை நம்பித் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியை நிறுத்தப்போவதாகக் கதை வந்தது. குடிக்கிற தண்ணீர்! நீயும் நானும் நம் வலைப்பூவில் படத்தோடு மறுத்தோம். அவர்களின் பதில் ஒரே வரிதான்: "இது செய்தியல்ல, மீன் சந்தைக் கூச்சல்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீயோ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"நம்மட வாப்பாமார் ரெண்டு பேரும் மீன் யாவாரிதானே மச்சான். இதுல என்ன கோவம்?"

அன்று அஸர் தொழுகைக்கு முன்பே வலைப்பூவின் பெயரை 'மீன் சந்தை' என்று மாற்றினாய். எழுதிய நிருபரைப் பகல் சாப்பாட்டுக்கு வரும்படி அதிலேயே அழைத்தாய். ஊரே வாசித்துச் சிரித்த பிறகு அந்த மனிதர் வராமல் என்ன செய்வார்?

வந்தார். கொட்டிலுக்குள் பாய் விரித்து அவரையும் சகனில் உட்கார வைத்தாய். சோற்றில் கை வைக்கக் கூசினார். அந்தக் கொட்டிலிலேயே இருந்து ஆக்கிய உன் மாமி விடவில்லை.

"இல்லாத ஆக்கள் ஆக்கின சோறு தம்பி, வயிறு நிறையத் தின்னுங்க."

கொட்டிலே அதிர்ந்தது. அவரும் சிரித்துவிட்டார், பாவம். அடுத்த கிழமை பத்திரிகையில் கட்டைவிரல் அகலத்தில் திருத்தம் வந்தது. பவுசர் நிற்கவில்லை.

போன வருஷம் உன் மௌத்துச் செய்தியையும் அதே பத்திரிகைதான் போட்டது: "மூத்த ஊடகவியலாளர் காலமானார்." நீ இருந்தால் விட்டிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கண்ணீரைத் துடைத்துத் துடைத்து நம் வலைப்பூவில் தட்டினேன்: "திருத்தம். அவர் மீன் சந்தைக்காரர்."

என்ன தொழில் என்று என்னைக் கேட்பவர்களுக்கும் இப்போது அதையேதான் சொல்கிறேன், மச்சான்.