அறைச் சாவியோடு வைத்த அழைப்பிதழ்

டுரியான் துங்கால்,
வியாழக்கிழமை காலை.

அன்பு மகள் திவ்யாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை நிவேந்திரனும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். தீபாவளி முடிந்ததிலிருந்து மழை விடவில்லை, அணைக்கட்டுப் பக்கம் தண்ணீர் கரை தொட்டு நிற்கிறது, பின்கட்டில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கிறது. உன் கூரைப் புடவைக்கு ரவிக்கை தைக்கும் அம்மாள் மெர்லிமாவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்ததும் கொடுத்துவிடுவோம், அதைப் பற்றிக் கவலைப்படாதே. நினைத்தால் முகம் பார்த்துப் பேசும் காலத்தில் அப்பா ஏன் தாளில் எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்புகிறார் என்று நினைப்பாய். செவ்வாய்க்கிழமை பேசியபோது, மாமாவை நேரில் பார்த்து அழைப்பிதழ் கொடுத்தீர்களா அப்பா என்று கேட்டாய். கொடுத்தாயிற்று, சந்தோஷமாக வாங்கிக்கொண்டார் என்றேன். அது பொய். என் பின்னால் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாளே, ஒரு வார்த்தை பேசினாளா, கவனித்தாயா. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்ன பொய்யை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருத்த எனக்குத் துணிவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்புசாமி மாமாவுக்கும் எனக்கும் பேச்சில்லை என்பது தெரியும், காரணத்தை அம்மா அரையும் குறையுமாகச் சொல்லியிருப்பாள். தன் மகன் கவிநேசனின் கல்யாணத்துக்கு அழைக்க உன் மாமா நம் வாசற்படி ஏறவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மனைவியோடு வந்து, உடன்பிறந்த தங்கையின் கையில் கொடுக்கவேண்டிய அழைப்பிதழை, அப்போது நாம் இருந்த பெம்பானில் ஜமாலுதீன் மளிகைக் கடையில் கொடுத்து, ஊரார் வாத்தியாரான என்னைக் கூப்பிடும் பெயரிலேயே, சிகு சாமான் வாங்க வந்தா குடுத்துடுங்க பாய் என்று சொல்லிவிட்டு லாரி ஏறிப் போய்விட்டார். நான் போனபோது அது முட்டைத் தட்டுகளுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவே கிடந்தது. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, அம்மாவையும் போகவிடவில்லை. அத்தை முறையில் ஆரத்தி எடுக்கவேண்டியவள் வீட்டில் உட்கார்ந்து யாரோ போட்ட வீடியோவில் மருமகனைப் பார்த்தாள். மாமா செய்தது தவறு, அதில் எனக்கு இன்றும் இரண்டாம் எண்ணம் இல்லை. மனத்தாங்கலைக் கெடாமல் வைத்துக்கொள்வதில் உன் அப்பாவுக்கு நல்ல பழக்கம் உண்டு. பணிமூப்பில் எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவி வேறொருவருக்குப் போன கதையை நீ சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்தவள்தானே.

தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்துப் போகாமல் மணவறையில் உட்காரமாட்டேன் என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் ஒத்துக்கொண்டேன். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழ் எல்லாம் அம்மா எடுத்து வைத்தாள். அவளும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். மாமா லாட்ஜ் நடத்தும் பெரா ஏரிக்குப் போகும் பாதை மழையில் மோசமாக இருக்கும், உன் முட்டி வலிக்கு ஆகாது என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டேன். பாதை நன்றாகத்தான் இருந்தது. நான் அவள் அண்ணனிடம் இறங்கிப் பேசுவதை அவள் பார்க்கவேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். என்னோடு வேலை பார்த்த ரங்கசாமி சாருக்குத் தூண்டில் பைத்தியம் என்று தெரியுமே, அவர் எப்படியும் மாமாவின் லாட்ஜுக்கு மீன் பிடிக்கப் போவதாக இருந்தார். அவர் பெயரிலேயே எனக்கும் இடம் பதியச் சொல்லி, தட்டைக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு, தம்பின், பஹாவ் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தி வீட்டாரை அழைக்கப் போகிறவன் மாதிரிப் போகவேண்டியவன், காசு கட்டிய விருந்தாளியாகப் போனேன்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், நீ ஒருநாள் போவாய். ஏரிக்கரையில் மரக்கால்கள் மேல் நிற்கும் சில பலகை வீடுகள், மேலே தகரக் கூரை. தரைப் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் தெரியும், அதில் மீன் புரளும் சத்தம் கேட்கும். குளிக்க வாளித் தண்ணீர், படுக்கக் கொசுவலை கட்டிய மெத்தை. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், பள்ளியில் படிவம் மூன்றுக்கு மேல் படிக்காதவர், இதைக் கட்டி நடத்துகிறார், சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது என்று பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, வயிறு எரிந்தது. மாமா படகுத் துறையிலிருந்து ஈரக் காலோடு ஓடி வந்து, வாங்க மாப்ளே, கார் எங்கயும் சேத்துல மாட்டலியே என்று சொல்லி என் பையை வாங்கிக்கொண்டார். நான் மச்சான் என்று வாயெடுக்காமல், எனக்குக் கீழ்ப்பக்கமா ரூம் வேணும், படி ஏற முடியாது என்றேன். நளினி அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, வாங்கண்ணே, விஜி வரலியா என்று கேட்டாள். முட்டி வலி என்றேன். மத்தியானம் எல்லோருக்கும் மாங்காய் போட்ட மீன் குழம்பு, என் இலைக்கு மட்டும் சாம்பாரும் கீரையும் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை, நான் கவிச்சி சாப்பிடமாட்டேன் என்பதை இத்தனை வருஷம் கழித்தும் யாரும் கேட்காமலே ஞாபகம் வைத்திருந்தாள். அதைக்கூட நான் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை, நம்மை வெட்கப்படுத்துவதற்காகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். தட்டு காரிலேயே இருந்தது.

மறுநாள் மாமாவே படகோட்டி எங்களைக் காட்டுக்குள் அழைத்துப் போனார். ரங்கசாமி சார், நான், குவாந்தானிலிருந்து வந்திருந்த இரண்டு மலாய் இளைஞர்கள். ரசாவ் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் தாழைப்புதர் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்க, நடுவில் தேத்தண்ணீர் நிறத்தில் வாய்க்கால் போகிறது. ஓரிடத்தில் நீர்மட்டத்தில் சிவப்பாகக் குஞ்சுகள் கொப்பளிக்க, கீழே தாய்த் தோமான் காவல் நின்றது, நம் ஊர் விராலின் பெரிய ஜாதி அது. ரங்கசாமி சார் தூண்டிலை ஓங்கினார். மாமா மோட்டாரை நிறுத்திவிட்டு, சார் சார், அது வேணாம் சார், குஞ்சு வச்சிருக்கு, அம்மாவப் புடிச்சா அத்தனையும் போயிரும் என்று கையைப் பிடித்தார். பெரிய மீன் கை நழுவிய எரிச்சலில் ரங்கசாமி சார் முணுமுணுத்தார், அதோடு போயிருக்கும். நான் வாயைத் திறந்தேன். என் மச்சான் படிவம் மூன்றில் கோட்டை விட்டவர், ஆனால் மீன்களுக்கு மட்டும் வக்கீல் ஆகிவிட்டார் என்றேன். தமிழில் சொல்லவில்லை திவ்யா, அந்தப் பையன்களுக்கும் புரியட்டும் என்று மலாயில் சொன்னேன். அந்த இரண்டு நாள் முழுவதும் நான் அவரை மச்சான் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். பையன்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார்கள். மாமா சிரித்தார். ஆமா மாப்ளே, தோமான்கிட்ட எஸ்.பி.எம். ரிசல்ட்டு காட்ட வேணாம்லா, அதான் நானும் பொழச்சுக்கிட்டு இருக்கேன் என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

அதோடும் முடியவில்லை. படகை ஒரு கரையில் கட்டிவிட்டுக் காட்டுக்குள் நடந்தோம். மழைக்காலமாதலால் இலைக்கு இலை அட்டை. மற்றவர்கள் முன்னால் போய்விட, என் கணுக்காலில் ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு மாமா, அசையாதீங்க மாப்ளே, இழுத்தா ரத்தம் நிக்காது என்று மண்டி போட்டு உட்கார்ந்து, என் காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு புகையிலைத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக விழவைத்தார். தலையை நிமிர்த்தாமலே, பாப்பாவுக்குக் கல்யாணம்னு காதுல விழுந்துச்சே மாப்ளே, பையன் நல்ல புள்ளையா என்று கேட்டார். அதைவிட ஒரு மனிதன் எப்படிக் கதவைத் திறந்து வைப்பான். வருகிற தை மாதம், நீங்கள்தான் வந்து நடத்திக் கொடுக்கவேண்டும் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். என் கால் அவர் மடியில் இருக்க, மேலிருந்து அவர் நரைத்த உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு, பேச்சு நடக்குது, இன்னும் ஒண்ணும் முடிவாகல என்றேன். சரி சரி, நல்லபடியா முடியட்டும் என்று சொல்லித் தன் தோள் துண்டால் என் காலைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது மாமா படகில் இருந்தார், அத்தை அடுப்படியில் இருந்தாள். கூப்பிட்டால் வந்திருப்பார்கள். நேற்று இல்லை என்று சொன்ன கல்யாணத்துக்கு இன்று எந்த முகத்தோடு தட்டை நீட்டுவது. பின்பெட்டியைத் திறந்து, தட்டிலிருந்து அழைப்பிதழை மட்டும் உருவி, முன்மேசையில் அறைச் சாவியோடு சேர்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஹாவில் பெட்ரோல் போட நிறுத்தியபோது ரங்கசாமி சார், என்ன சார், மச்சானுக்குக் குடுத்தாச்சா என்று கேட்டார், குடுத்தாச்சு என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொன்னேன்.

நான் வீடு வந்து சேர்ந்த சாயங்காலமே அத்தை அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். திட்டவில்லையாம். விஜி, கார்டு சாவிக்குப் பக்கத்துல இருந்துச்சு, ரூம் கூட்டற பொண்ணுதான் எடுத்தாந்து குடுத்துச்சு, ஒங்கண்ணன் படிச்சிட்டுச் சாமி மேடையில வச்சாரு, படகு கழுவப் போயிட்டாரு என்றாளாம். அதற்கு மேல் சொன்னதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. நீ கவிநேசனுக்குத் தேதியை எப்போதோ சொல்லியிருக்கிறாய். மாமா உன் கல்யாண வாரம் முழுக்க யாருக்கும் அறை கொடுக்காமல் லாட்ஜை மூடுவதாக எழுதி வைத்திருக்கிறாராம், நாம் அழைப்பதற்கு முன்னாலேயே. காட்டில் என் காலிலிருந்து அட்டையை எடுத்துவிட்டபோதே அவருக்குத் தேதி தெரியும். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டேதான் என் காலைத் துடைத்துவிட்டிருக்கிறார். கடையில் வைத்தது தவறு என்று இத்தனை வருஷம் வழக்கு நடத்தியவன், அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அவராவது நமக்குத் தெரிந்த ஒரு மனிதரின் கையில் கொடுத்தார், நான் யார் கையிலும் கொடுக்கவில்லை.

அம்மா காரிலிருந்து தட்டை எடுத்து வந்தாள், வெற்றிலை கறுத்துச் சுருண்டிருந்தது. ஒங்களுக்கு மனசு இல்லன்னா சொல்லியிருக்கலாங்க, நானே பஸ் ஏறிப் போயிருப்பேன், எங்கண்ணன நான் கூப்பிட்டிருப்பேன் என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், பேச்சில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேர் என்னை மதிக்கவில்லை என்று புலம்பியிருக்கிறேன், இந்த வீட்டில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கூசுவது எனக்குப் புதிது. நேற்று லாட்ஜுக்கு நானே கூப்பிட்டேன். கவிநேசன் எடுத்து, சொல்லுங்க மாமா, ரூம் போடவா என்றான், குத்திச் சொன்னானா சாதாரணமாகச் சொன்னானா தெரியவில்லை. ரூம் வேண்டாம், சனிக்கிழமை நானும் உன் அத்தையும் வருகிறோம், அப்பா இருப்பாரா என்றேன். அப்பா கெஸ்ட்டோட உள்ள போறாரு, சாயங்காலம்தான் திரும்புவாரு, வந்தா பேசுவாரான்னு எனக்குத் தெரியாது மாமா என்றான். துறையில் உட்கார்ந்து காத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.

இதற்குள் நீ மாமாவைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாதே, அவர் உனக்காக இரங்கிவிடுவார், எனக்காக இரங்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நான் கையால் கொடுத்து, அவர் வாங்க மறுத்தால், அதையும் நானே உனக்குச் சொல்வேன். நீ மணவறையில் உட்காரமாட்டேன் என்றால் அதைக் கேட்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். ஒருவேளை நீ மனம் மாறி உட்கார்ந்து, தாய்மாமன் நிற்கும் இடம் காலியாக இருந்தால், சபையில் எல்லோரும் கேட்பார்கள். வழக்கமாக நாம் சொல்வதுபோல் உடம்பு சரியில்லை, வேலை இருக்கிறது, பாதை வெள்ளம் என்று நான் சொல்லமாட்டேன். காட்டில் என்ன நடந்தது என்று, அந்த மலாய்ப் பையன்கள் முன்னால் நான் சொன்னது உட்பட, கேட்பவர்களிடம் சொல்வேன். நாலு பேர் முன்னால் அவரைச் சிறுமைப்படுத்தியவன் நாலு பேர் முன்னால்தான் அதை ஒத்துக்கொள்ளவேண்டும்.

நீயும் நிவேந்திரனும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் குறையை ஒருவர் சேர்த்து வைக்காமல், பதினாறும் பெற்று வாழவேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க இன்னும் போகவில்லை என்றாய், கடைசி நேரத்துக்கு வைக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. அம்மாவிடம் பேசும்போது இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டதாகச் சொல், நான் எழுதியது அவளுக்குத் தெரியாது.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா
புவனேஸ்வரன்